பூட்டு தொங்கிய ஒன்பது வீடுகள்

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். இத்தனை வருசம் பேனா பிடித்ததெல்லாம் கதவு எண், குடும்பத் தலைவர் பெயர், ஆண் எத்தனை, பெண் எத்தனை என்று கட்டத்துக்குள் எழுதத்தான். கட்டம் இல்லாத தாளைப் பார்த்தால் எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் கை நின்றுவிடுகிறது. மறதி வேறு. ஒன்றைச் சொல்லிக்கொண்டே இன்னொன்றுக்குப் போய்விடுவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் வட்டத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் கிராம உதவியாளர்கள் படிப்பதற்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று இப்போதிருக்கும் கிராம நிர்வாக அலுவலர் வீட்டுக்கே வந்து கேட்டார். "நான் என்னத்த எழுத சார், ஆபீஸ் தபால் கொண்டு போனேன், கணக்கெடுக்கப் போனேன், அறுபது வயசானதும் மாலை போட்டு அனுப்பிட்டாக" என்றேன். "நீங்க செஞ்ச தப்ப எழுதுங்கம்மா, அதுதான் அவங்களுக்கு உதவும்" என்றார். அப்படியென்றால் இந்த நோட்டு போதாது. ஒன்றை மட்டும் எழுதுகிறேன்.

ஊர் பெயர் வேண்டாம். பண்ணைப்புரம் பக்கம் மலையடிவாரத்தில் இருக்கிற ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேற்கே கண்மாய். அதிலிருந்து இறங்கி வரும் ஓடையை ஒட்டி ஒரு தெரு, ஓடைத்தெரு. அந்தத் தெருவில் பாதிப் பேர் விடிவதற்குள் ஜீப்பில் ஏறி, கம்பம்மெட்டு வழியாகக் கேரளத்துக்கு ஏலத்தோட்ட வேலைக்குப் போய்விடுவார்கள். பொழுது சாய்ந்துதான் வருவார்கள்.

அந்த ஊருக்கு என் வீட்டுக்காரர்தான் தலையாரி. நீங்கள் கிராம உதவியாளர் என்று சொல்லிக்கொள்ளுங்கள், ஊரில் இன்றைக்கும் தலையாரிதான். அவர் குரல் கண்மாய்க்கரை வரைக்கும் கேட்கும். அவர் இறந்த பிறகு கருணை அடிப்படையில் வேலை எனக்கு வந்தது. குரல் வரவில்லை. எனக்கு ஆட்களைக் கண்டால் கூச்சம். ஒரு வீட்டு வாசலில் நின்று "வீட்டுல யாரு?" என்று கேட்க வாய் வராது. கேட்டாலும் அது எனக்கே கேட்காது. ஒரு தடவை ஒரு வீட்டில் இப்படி நின்றுகொண்டே இருந்தேன். அந்த வீட்டுக்காரர் வெளியே வந்து, நான் ஏதோ நன்கொடை கேட்டு வந்தவள் என்று நினைத்து ஒரு படி சோளத்தைக் கொட்டிவிட்டுப் போனார். இல்லை என்று சொல்லக் கூச்சப்பட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அதனால் பூட்டிய வீட்டைப் பார்த்தால் எனக்குச் சந்தோஷம். யாரையும் கூப்பிட வேண்டாம், யார் முகத்தையும் பார்க்க வேண்டாம். பூட்டை ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடலாம். இதைத்தான் நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். இதிலிருந்துதான் எல்லாம் வந்தது.

ஒரு கோடையில் பெரிய கணக்கெடுப்பு ஒன்று வந்தது. அதுவரைக்கும் ரேஷனுக்கு ஒரு பட்டியல், ஓட்டுக்கு ஒரு பட்டியல், வீட்டு வரிக்கு ஒன்று, ஆஸ்பத்திரிக்கு ஒன்று என்று ஆளாளுக்கு ஒன்று வைத்திருந்தார்கள். ஒன்றுக்கொன்று ஒட்டாது. இனி ஒரே பட்டியல், கம்ப்யூட்டரில் இருக்கும், எல்லாத் துறையும் அதையே எடுத்துக்கொள்ளும் என்றார்கள். அதற்காகத் தேனியில் ஒரு நாள் பயிற்சி வைத்தார்கள். அல்லிநகரத்தில் இறங்கி, வழி கேட்கக் கூச்சப்பட்டு, ஒரு கல்யாண மண்டபத்தில் போய் உட்கார்ந்து, காப்பி குடித்த பிறகுதான் அது வேறு யாருக்கோ நிச்சயதார்த்தம் என்று தெரிந்தது. சரியான இடத்துக்குப் போனபோது பாதிப் பயிற்சி முடிந்திருந்தது.

திரையில் படம் போட்டு ஓர் அதிகாரி பேசிக்கொண்டிருந்தார். "தரவு, தரவு" என்று அடிக்கடி சொன்னார். பக்கத்தில் இருந்த பெண்ணிடம் மெதுவாக, "தரவுன்னா என்னம்மா?" என்றேன். "நீங்க நோட்டுல எழுதுறீகல்ல, அதாங்க்கா" என்றாள். அதுவரைக்கும் நான் பேர் எழுதுவதாகத்தான் நினைத்திருந்தேன். பூட்டிய வீடு இருந்தால் மூன்று தடவை போய்ப் பார்க்க வேண்டும் என்று அவர் சொன்னது மட்டும் நன்றாகக் கேட்டது. எனக்குப் பிடித்த விஷயம் அல்லவா.

போனேன். ஓடைத்தெருவில் ஒன்பது வீட்டில் பூட்டு. மூன்று தடவையும் போனேன், பொய் சொல்லவில்லை. ஆனால் மூன்று தடவையும் பகல் பதினோரு மணிக்கே போனேன். தபால் கொடுத்துவிட்டுத் திரும்புகிற நேரம் அதுதான், வழியும் அதுதான். விடிவதற்குள் ஜீப் ஏறுகிறவர்கள் பதினோரு மணிக்கு எப்படி வீட்டில் இருப்பார்கள் என்று யோசிக்கவில்லை.

அது கூடப் பரவாயில்லை. அந்தப் பூட்டுக்குப் பின்னால் ஆள் இருக்கலாம் என்று எனக்குத் தெரியும். எங்கள் பக்கத்து வழக்கம் அது. எழுந்து நடக்க முடியாதவர்கள் வீட்டில் இருந்தால், வேலைக்குப் போகிறவர்கள் வெளியே பூட்டிக்கொண்டுதான் போவார்கள். உள்ளே இருப்பவரால் எழுந்து வந்து தாழ் போட முடியாது. திறந்து போட்டால் நாய் வரும், மலையிலிருந்து குரங்கு வரும், குடிகாரன் வருவான். கஞ்சியும் தண்ணீரும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துவிட்டுப் பூட்டினால் சாவி ஏலத்தோட்டத்துக்குப் போய்விடும். என் மாமியார் கடைசி இரண்டு வருசம் அப்படித்தான் இருந்தார். பூட்டியது நான்தான். என் வீட்டில் ஓர் ஆளைப் பூட்டிவிட்டு வந்து, அடுத்தவர் வீட்டுப் பூட்டைப் பார்த்து ஆள் இல்லை என்று நினைத்தேன். இதற்கு மேல் என்னைப் பற்றி என்ன சொல்ல.

நோட்டில் ஒன்பது வீட்டுக்கும் "பூட்டிய வீடு" என்று எழுதினேன். தாலுகா ஆபீஸில் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற பெண், "அக்கா, இதுல பூட்டிய வீடுன்னு ஒரு எடமே இல்லையே. ஆள் இருக்கு, ஆள் இல்ல, ரெண்டுதான் இருக்கு. எதப் போட?" என்றாள்.

"மூணு தடவ போனேம்மா" என்றேன்.

"மூணு தடவையும் இல்லையா? அப்ப ஆள் இல்ல."

தலையாட்டினேன். வாய் திறக்காமல் தலையாட்டுவதில் எனக்குப் பழக்கம் அதிகம். என் நோட்டில் இருக்கும்போது அது வெறும் பூட்டு. அவள் விரல் பட்டதும் காலி வீடு. அங்கிருந்து எந்தெந்தத் துறைக்குப் போனதோ, போகிற இடமெல்லாம் அது இன்னும் கெட்டிப்பட்டுக்கொண்டே போனது. யாரும் திரும்பிக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் தலையாட்டியிருப்பேன்.

வேடிக்கை என்னவென்றால், வட்டத்திலேயே முதலில் முடிந்தது எங்கள் ஊர்தான். ஒரு கட்டம் கூடக் காலியில்லை, ஒரு பிழை கூட இல்லை என்று கூட்டத்தில் என்னை எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்டினார்கள். எவர்சில்வர் தூக்குச்சட்டி ஒன்று பரிசு. நான் வாங்கிய ஒரே பரிசு அதுதான். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

அந்த வருசம் ஐப்பசியில் மலையில் விடாமல் மழை. ஒரு நாள் காலை, ஜீப்புகள் வழக்கம்போலப் போய்விட்டன. ஒன்பது மணி வாக்கில் கண்மாய்க்கரை ஓரிடத்தில் சரிகிறது என்று ஆள் ஓடி வந்தது. ஓடைத்தெருவைக் காலி செய்ய வேண்டும். தீயணைப்பு வண்டி வந்தது, ஐந்து பேர். அப்போதிருந்த கிராம நிர்வாக அலுவலர் வெளியூர்க்காரர், வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. நல்ல பிள்ளை, ஓடி ஓடி வேலை பார்ப்பார். மேட்டிலிருந்த பள்ளிக்கூடத்தில் எல்லோரையும் சேர்த்தோம். அவர் கையில் என் பட்டியல், கம்ப்யூட்டரில் அச்செடுத்தது. பெயர் பெயராகக் கூப்பிட்டு டிக் அடித்தார்; ஜீப்பில் போனவர்களுக்கு வீட்டு ஆட்களைக் கேட்டு அடித்தார். பிள்ளைகள் அழுகிறார்கள், ஆடு கத்துகிறது, ஒருவர் தன் டிவியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கடைசிப் பெயருக்கும் டிக் விழுந்தது.

"எல்லாரும் வந்துட்டாங்கம்மா. ஒன்பது வீடு காலி வீடு, அங்க யாரும் இல்ல. உங்க லிஸ்ட் பிரமாதம்" என்றார் என்னிடம். எனக்குப் பெருமையாக இருந்தது. உண்மையாகவே பெருமையாக இருந்தது. அந்த நேரத்திலும்.

கீழே இன்னோர் ஊரில் ஆட்கள் கூரை மேல் ஏறி நிற்கிறார்கள், வண்டியை உடனே அனுப்புங்கள் என்று போன் வந்தது. அவர் தீயணைப்பு ஆட்களைக் கிளம்பச் சொல்லிவிட்டு, தாலுகா ஆபீஸுக்குப் போன் போட்டுப் பேச ஆரம்பித்தார். வண்டியில் கயிற்றைச் சுருட்டி ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

அப்போது ஸ்டெல்லா வந்தாள். வீடு வீடாகப் போய்ச் சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் மாத்திரை கொடுக்கிற பெண். ஆஸ்பத்திரி வேலை. எங்கள் துறைக்கும் அவளுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஒரே தெருவில் நான் தபாலோடு போவேன், அவள் மாத்திரையோடு போவாள். பார்த்தால் சிரிப்போம், அவ்வளவுதான். நனைந்து போய் வந்தவள், தன் ஆட்கள் எல்லாம் மாத்திரை எடுத்து வந்திருக்கிறார்களா என்று நோட்டைப் பிரித்துத் தேடினாள்.

"அக்கா, ஒச்சம்மா எங்கன உட்காந்திருக்காக?"

"எந்த ஒச்சம்மா?"

"ஓடைத்தெருல கடேசி வீடு. கையி காலு ஒரு பக்கம் வராதுல்ல. மக, மருமகன் ஏலத்தோட்டத்துக்குப் போறாகளே, அவுக."

"அது பூட்டுன வீடுல்ல?"

"பூட்டித்தேன் கெடக்கும். நான் மாசாமாசம் ஜன்னல் வழியாத்தான மாத்திரை குடுக்கேன்!"

நான் திரும்பி, டிக் அடித்த அந்தப் பட்டியலைப் பார்த்தேன். ஸ்டெல்லா என் முகத்தைப் பார்த்தாள். "அக்கா... நீங்க அவுகள இங்கன கொண்டாரலையா?" என்றாள்.

கிராம நிர்வாக அலுவலர் போனில், "ஆமா சார், முழுசா காலி பண்ணியாச்சு, உள்ள ஒருத்தரும் இல்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் அவர் பக்கத்தில் போய் நின்று, "சார்" என்றேன். எனக்கே கேட்கவில்லை. மழை தகரத்தில் அடிக்கிறது. மறுபடியும் "சார்" என்றேன். அவர் கையைக் காட்டி, இருங்கம்மா என்றார். பெரிய அதிகாரி பேசும்போது குறுக்கே பேசியதே இல்லை நான். என் வீட்டுக்காரர் என்றால் ஒரு சத்தத்தில் ஊரே திரும்பியிருக்கும். வண்டிக்காரர் இஞ்சினைப் போட்டுவிட்டார்.

இந்த இடத்தில் நான் பெரிய தைரியசாலி ஆகிவிட்டேன் என்று எழுத ஆசைதான். ஆகவில்லை. கூச்சம் அப்படியேதான் இருந்தது. பள்ளிக்கூட வராந்தாவில் மணிக்காகத் தண்டவாளத் துண்டு ஒன்று தொங்கவிட்டிருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். அதன் பக்கத்தில் இருந்த கம்பியை எடுத்து அடித்தேன். நிறுத்தத் தெரியாமல் அடித்தேன். பள்ளிக்கூடமே அமைதியாகிவிட்டது. பழக்க தோசத்தில் இரண்டு பிள்ளைகள் வரிசையில் நின்றுவிட்டன. அதிகாரி போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். வண்டி நின்றது.

அத்தனை பேரும் பார்க்கிறார்கள். "பட்டியல் தப்பு சார்" என்றேன்.

"எந்தப் பட்டியல்?"

"நான் எழுதுனது."

அவர் பத்து விநாடி என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. அன்றைக்கு அவர் அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கி வைத்தார் பாருங்கள், அதை நீங்கள் கற்றுக்கொள்ளுங்கள். போனில் "சார், ஒரு நிமிசம், நான் சொன்னது தப்பு" என்றார். அதையும் கற்றுக்கொள்ளுங்கள். பெஞ்சைத் துடைத்து என் பட்டியலையும் ஸ்டெல்லா நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "ஒன்பது வீட்டையும் ஒவ்வொண்ணா சொல்லுங்க."

ஸ்டெல்லா விரல் வைத்துப் பார்த்தாள். ஆறு வீட்டில் அவளுக்கும் யாரும் இல்லை. மூன்று வீட்டில் இருந்தார்கள். ஒரு வீட்டில் வயதான புருசன் பெண்டாட்டி. இன்னொன்றில் கால் ஒடிந்து கட்டுப் போட்ட ஆள். மூன்றாவது ஒச்சம்மாள். தெருக்காரர்கள், யாராவது தூக்கி வந்திருப்பார்கள் என்று ஆளாளுக்கு நினைத்திருந்தார்கள்.

"யாரு மொதல்ல?" என்றார் தீயணைப்பு ஆள். "வண்டி அந்த ஊருக்கும் போகணும்."

இப்போது எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நோட்டில் அது எழுதியிருக்காது. எந்த வீடு பள்ளம், எந்த வீட்டுக்குப் பின்கதவு உண்டு என்பதெல்லாம் எந்தத் துறை கம்ப்யூட்டரிலும் கிடையாது. தபால் கொண்டு போன காலுக்குத்தான் தெரியும். "புருசன் பொண்டாட்டி வீட்டுக்குப் பின்னால கதவு இருக்கு, நடக்கவும் நடப்பாக. காலு ஒடிஞ்சவரு வீடு மேடு. ஒச்சம்மா வீடுதேன் பள்ளம்" என்றேன். அவ்வளவு நீளமாக ஓர் அதிகாரி முன்னால் நான் பேசியது அதுதான் முதல் தடவை.

மற்ற இரண்டு வீட்டுக்கு ஊர் இளவட்டங்களை அனுப்பினார். தீயணைப்பு ஆட்களோடு நான் போனேன். வீட்டைக் காட்ட வேறு ஆள் இல்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஓடை பொங்கித் தெருவில் ஏறியிருந்த இடுப்பளவு தண்ணீரில். ஒரு கையில் தூக்குச்சட்டி வேறு. எதற்கு எடுத்துக்கொண்டு போனேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. காலையில் டீ வாங்கக் கையில் எடுத்தது, கீழே வைக்கத் தோன்றவில்லை.

கடைசி வீட்டுக் கதவில் அதே பூட்டு. மூன்று தடவை தொட்டுப் பார்த்த பூட்டு. கதவின் கால்வாசி தண்ணீருக்குள் இருந்தது. உள்ளேயிருந்து சத்தம் வருகிறது. அழுகை இல்லை, வசவு. மருமகனை, ஜீப்காரனை, கண்மாயை, மழையை என்று வரிசையாக வைதுகொண்டிருந்தார் ஒச்சம்மாள். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் கதவைப் பிடித்துக்கொண்டேன். உயிரோடு இருக்கிறார்.

தீயணைப்பு ஆள் இரண்டே அடியில் பூட்டை உடைத்தார். கட்டில் கயிறு வரைக்கும் தண்ணீர். ஒச்சம்மாள் நல்ல கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மடியில் இரண்டு கோழியோடு உட்கார்ந்திருந்தார்.

"மதினி, வாங்க போவோம்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். "யாரு, தலையாரி பொண்டாட்டியா? கணக்கெடுக்க வந்தப்ப மூணு தடவையும் உன்னைய இந்த ஜன்னல் வழியாப் பாத்தேன்டி. பூட்டத் தொட்டுப் பாப்ப, வெரசா போயிருவ. என்னமோ பரிசு விழுந்த மாதிரி."

"ஒரு கொரல் குடுத்திருக்கலாம்ல மதினி?"

"நீ ஒரு கொரல் குடுத்தியா?"

தீயணைப்பு ஆள் சிரித்துவிட்டார். ஒச்சம்மாளைத் தோளில் தூக்கிக்கொண்டு வரும்போதும் வசவு நிற்கவில்லை. கோழி இரண்டையும் நான் தூக்கி வந்தேன். மற்ற இரண்டு வீட்டு ஆட்களும் வந்து சேர்ந்திருந்தார்கள். பன்னிரண்டு மணி வாக்கில் கரை உடைந்தது. ஒச்சம்மாளின் வீட்டுச் சுவரில் அன்றைக்கு ஏறிய தண்ணீரின் கோடு ரொம்ப நாள் இருந்தது. ஜன்னலுக்கு மேலே இருந்தது அந்தக் கோடு. வெள்ளையடிக்கும் வரை நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு போவேன்.

பள்ளிக்கூடத்தில் ஒச்சம்மாள் சூடாக டீ வேண்டும் என்றார். வேறு பாத்திரம் இல்லை. பிழையில்லாத பட்டியலுக்கு வாங்கிய தூக்குச்சட்டியில்தான் வாங்கி வந்து கொடுத்தேன். "சட்டி நல்லாருக்கே, எங்கன வாங்குன?" என்றார். மறுநாள் அதை அவருக்கே கொடுத்துவிட்டேன். ஏன் கொடுக்கிறேன் என்று சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்து மூடி எங்கே என்று மட்டும் கேட்டு ஆள் அனுப்பினார்.

வெள்ளம் வடிந்த பிறகு அதிகாரி அறிக்கை எழுத உட்கார்ந்தார். "என்னம்மா எழுத?" என்றார். வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். "பூட்டுன வீட்ட ஆள் இல்லன்னதுக்குத் தலையாட்டுனது நான்தான்னு எழுதுங்க சார்" என்றேன். அவர் அதை எழுதினார். அதற்குக் கீழேயே, சரிபார்க்காமல் எல்லோரும் வந்துவிட்டதாகப் போனில் சொன்னது தான்தான் என்றும் எழுதினார். கம்ப்யூட்டரில் "பூட்டியிருந்தது, உள்ளே தெரியவில்லை" என்று ஓர் இடம் வேண்டும் என்றும் எழுதினார். எனக்கு ஒரு குறிப்பாணை, மெமோ என்பார்களே, அது வந்தது; வேலை போகவில்லை. அந்த இடம் வருவதற்கு ரொம்ப நாளானது. நான் ஓய்வு பெறுகிற வருசம்தான் வந்தது. அதுவரைக்கும் தெரியாததைத் தெரியாது என்று நோட்டு ஓரத்தில் பென்சிலால் எழுதி, அந்தக் கம்ப்யூட்டர் பெண்ணை ஒவ்வொரு தடவையும் தொந்தரவு செய்தோம். "அக்கா வந்துட்டாக, ஓரத்துல என்ன கெடக்குன்னு பாப்போம்" என்பாள்.

நானும் ஸ்டெல்லாவும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். ஆர்டர் எதுவும் கிடையாது. பதினைந்து நாளுக்கு ஒரு செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூட வராந்தாவில் உட்கார்ந்து இரண்டு நோட்டையும் ஒத்துப் பார்ப்போம். முதல் நாளே அவள் கறாராகச் சொல்லிவிட்டாள்: "அக்கா, யாருக்கு என்ன சீக்குன்னு கேக்கக் கூடாது. ஆள் இருக்காகளா, நடப்பாகளா, அது மட்டுந்தேன் சொல்லுவேன்." அது சரிதான். தண்ணீர் வரும்போது அது போதும். மற்றதெல்லாம் அவர்கள் அவளை நம்பிச் சொன்னது. என் துறைக்கு அதில் வேலை இல்லை. இதை எந்தப் பயிற்சியிலும் எனக்குச் சொல்லவில்லை, அவள்தான் சொன்னாள்.

ஒத்துப் பார்த்ததில் சிரிப்பும் வரும். அவள் நோட்டில் ஒரே பெரியவர் மூன்று வீட்டில் குடியிருந்தார். மூன்று மகள் வீட்டிலும் மாறி மாறிச் சாப்பிடுகிறவர், மூன்று வீட்டிலும் பெயர் கொடுத்திருந்தார். என் நோட்டில் ஒரு மாட்டுக்கொட்டம் நான்கு பேர் குடியிருக்கும் வீடாக இருந்தது. "நாலு பேரு யாருக்கா, பசு மூணு, கன்னுக்குட்டி ஒண்ணா?" என்று ஸ்டெல்லா அன்றைக்கு முழுவதும் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். கண்ணால் பார்த்தது பூட்டு என்றால் பூட்டு என்றே எழுதுங்கள். ஆள் இல்லை என்று எழுதாதீர்கள். நீங்கள் எழுதுகிற ஒரு சொல்லை நீங்கள் பார்க்காத பத்துப் பேர், உங்கள் முகமே தெரியாதவர்கள், நம்பி எடுத்துக்கொள்கிறார்கள். அவர்களுக்கு உங்கள் கூச்சம் தெரியாது.

இதை எழுதி முடித்துவிட்டோம் என்று நினைத்தேன். இல்லை, இன்னொன்று இருக்கிறது. எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

போன மாதம் எனக்குக் கண்ணில் ஆபரேசன் நடந்தது. குனியக் கூடாது, வெளியே போகக் கூடாது என்றார்கள். மகனும் மருமகளும் ஜீப்பில் ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர்கள். "அத்த, நீங்க சும்மா கெடக்க மாட்டீக, கோழிய வெரட்ட எந்திரிச்சுப் போயிருவீக" என்று சொல்லி மருமகள் வெளியே பூட்டிக்கொண்டு போனாள். நான் என் மாமியாரைப் பூட்டிய அதே பூட்டு.

பகலில் வாசலில் காலடிச் சத்தம். "வீட்டுல யாரு?" என்று ஒரு பெண் குரல். ரொம்ப மெதுவான குரல், ஒரே ஒரு தடவை. புதிதாகக் கணக்கெடுப்பு நடக்கிறது என்று அப்புறம் கேள்விப்பட்டேன். நான் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தேன். கண்ணில் கட்டு, தலை கலைந்து கிடக்கிறது, இப்படி எப்படி ஜன்னலில் போய் நிற்பது என்று யோசித்தேன். வாயைத் திறந்தேன். பூட்டைத் தொட்டுப் பார்க்கிற சத்தம் கேட்டது. அப்புறம் செருப்புச் சத்தம், வேகமாக. அந்த வேகம் எனக்கு நன்றாகத் தெரியும்.

இதைச் சொன்னதும் ஸ்டெல்லா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஒச்சம்மாளுக்கும் சொல்லிவிட்டாள். "அவளுக்கு நல்லா வேணும்" என்றாராம் ஒச்சம்மாள்.

வந்தது உங்களில் யார் என்று எனக்குத் தெரியாது. உன் மேல் எனக்குக் கோபம் இல்லையம்மா. நீ வந்தாய் என்பதும் நான் பேசவில்லை என்பதும்தான் நடந்தது.

கடைசியாக ஓர் உதவி. இதில் நான் எழுதியதை யாராவது சரிபாருங்கள். ஒன்பது வீடா, எட்டா, கரை உடைந்தது பன்னிரண்டு மணியா, ஒன்றா, எனக்குத் திடமாகச் சொல்ல வரவில்லை. ஸ்டெல்லாவிடம் பழைய நோட்டு இருக்கும். ஒச்சம்மாளிடமும் கேளுங்கள். அவர் வேறு மாதிரிச் சொல்வார், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அப்படியே எங்கள் வீட்டுக்கும் ஓர் எட்டு வாருங்கள். பட்டியலில் எங்கள் வீட்டுக்கு நேரே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பகலில் வந்தால் கதவு பூட்டியிருக்கும். ஜன்னல் கிழக்குப் பக்கம். அங்கே வந்து கூப்பிடுங்கள். ஒரு தடவை கூப்பிட்டுவிட்டுப் போய்விடாதீர்கள். இரண்டாவது தடவைக்குத்தான் எனக்குக் குரல் வரும்.